அவசரம்: தாத்தாவின் பேச்சுப் பதிவு திறக்கவில்லை

குடமுருட்டிக்கரை:
நேற்று மாலை தாத்தாவைத் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துப்போய், சிறுவயதில் அங்கே விளையாடிய கதையைப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசினார். இப்போது பதிவு திறக்கவே இல்லை. அவருக்கு 80 வயது. யாராவது வழி சொல்லுங்கள்.

மன்னைவாசி:
எந்தக் கைபேசி? எந்தச் செயலி? கோப்பின் பெயர் எப்படி முடிகிறது?

வெண்ணாறு:
மெமரி கார்டுதான் காரணம். மலிவான கார்டுகள் இப்படித்தான் கழுத்தறுக்கும். உடனே கழற்றி வையுங்கள்.

பழைய ஒலிநாடா:
எத்தனை முறை எழுதிவிட்டேன்! இரண்டு கருவிகளில் பதிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சேமிக்க வேண்டும். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாமல் வயதானவர்களைப் பேச வைக்கிறார்கள்.

மன்னைவாசி:
ஐயா, அது அடுத்த முறைக்கு. தம்பி, கோப்பின் அளவைச் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை:
61 எம்பி. பெயர் எம்4ஏ என்று முடிகிறது. சொல்ல விட்டுப்போயிற்று: பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து கைபேசி அணைந்துவிட்டது.

மன்னைவாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 61 எம்பி என்றால் பேச்சு உள்ளேதான் இருக்கிறது. எந்தத் துண்டு எங்கே என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். அது இல்லாததால் திறக்கவில்லை. முதலில் கணினியில் நகல் எடுங்கள். அதே கைபேசியில், அதே செயலியில் இரண்டு நிமிடம் எதையாவது பேசிப் பதியுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளிடம் அதை மாதிரியாகக் கொடுத்தால், உடைந்ததைச் சீராக்கப் பார்க்கும். மூலத்தில் கைவைக்காதீர்கள்.

வெண்ணாறு:
சிவகங்கைப் பூங்கா 1871-72இல் நகராட்சி அமைத்தது. தாத்தா சொல்வது எந்த வருடம் என்று கேட்டீர்களா? வருடம் இல்லாத நினைவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பழைய ஒலிநாடா:
வருடம் கேட்டால் பேச்சு அறுந்துவிடும். 1952 நவம்பர் புயலுக்கு முன்பா, பின்பா என்று கேட்க வேண்டும்.

வெண்ணாறு:
அதை 1977 புயலோடு கலந்து சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய ஒலிநாடா:
யார் வீட்டுக் கொல்லையில் எந்த மரம் சாய்ந்தது, அப்போது எந்த வகுப்பு என்று கேளுங்கள். கலக்காது.

மன்னைவாசி:
தம்பி, என்ன ஆயிற்று?

குடமுருட்டிக்கரை:
52 நிமிடம் மீண்டுவிட்டது! தோட்டக்காரர் பூவாளியோடு வரும்போது பிள்ளைகள் எல்லாரும் பாத்தி ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நனைத்துவிட்டுப் போகச் சொல்வார்களாம். பதிவில் அந்தப் பகுதி முழுதாக இருக்கிறது. கொல்லை மரத்தை நாளைக்குக் கேட்கிறேன். நன்றி ஐயா.