பாட்டி தைத்த போர்வையை வரைகிறேன், இது என் ஓவியம்தானா?

நூல்கண்டு:
பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் பாட்டி தைத்த போர்வை ஒன்று என்னிடம் இருக்கிறது. ரெண்டு வருஷமாக அதன் கட்டங்களைத்தான் பெரிய கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருக்கிறேன், பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கிறது. ஆனால் போன கண்காட்சியில் ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் உங்கள் பாட்டிதானே தெரிகிறார், நீங்கள் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தூரிகையைத் தொட்டாலே அந்தக் கேள்விதான். குடும்பச் சொத்தை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? இதில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மைக்கூடு:
கேட்ட விதம் முரட்டுத்தனம், கேள்வி சரிதான். பீகாரின் மதுபனி ஓவியர் கங்கா தேவியைப் பாருங்கள். கல்யாண வீட்டுச் சுவர்களில் பெண்கள் வழிவழியாகப் போட்டுவந்த கோடுகள் அவை. அதே கோடுகளால்தான் அமெரிக்கா போய்வந்தபின் ரோலர் கோஸ்டரை வரைந்தார், புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் வரைந்தார். அவர் பாட்டி ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கமாட்டார்! போர்வைக் கட்டங்களுக்குள் நீங்கள் பார்த்தது எதையாவது கொண்டுவாருங்கள்.

கத்தரிக்கோல்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டி தெரிந்தால் என்ன குறை? அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஃபெயித் ரிங்கோல்டு தன் முதல் குயில்ட்டை, அதாவது உங்கள் பாட்டியுடையதைப் போன்ற ஒட்டுத்துணிப் போர்வையை, 1980இல் அம்மாவோடு சேர்ந்தேதான் செய்தார். மகள் 30 முகங்கள் வரைந்தார், ஃபேஷன் டிசைனரான அம்மா துணி வேலையைப் பார்த்துக்கொண்டார். அந்த வீட்டுக்குக் குயில்ட் தையல் வந்ததே அடிமையாக இருந்த எள்ளுப்பாட்டி வழியாக. 1981இல் அம்மா போய்விட்டார், அப்புறம்தான், 1983 முதல், துணியிலேயே கதை எழுதும் குயில்ட்டுகள் வந்தன. சரி, ஒன்று கேட்கிறேன், ரெண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது ஊசியைக் கையில் எடுத்தீர்களா?

நூல்கண்டு:
இல்லை. எடுக்கவே இல்லை. இதைப் படித்ததும் போர்வையை மறுபடி விரித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் தையல் கோணல்மாணலாக ஓடும், கண் மங்கினபிறகு பாட்டி போட்டது, ஒரு இடத்தில் நூலின் நிறம்கூட மாறியிருக்கிறது. வரையும்போதெல்லாம் அதை நானே நேராக்கி, ஒரே நிறமாக்கியிருக்கிறேன், அதுவும் யோசிக்காமலே.

மைக்கூடு:
அந்த மூலையைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.