டீசலையே நீருக்கடியில் ஓட்ட முடிந்தால் பேட்டரி எதற்கு? ஜெர்மன் யு-போட் ஸ்னார்க்கெல் பற்றி ஒரு சந்தேகம்

நங்கூரம் கேட்டது:

1944 வாக்கில் ஜெர்மன் யு-போட்களில் (நீர்மூழ்கிகளில்) ஸ்னார்க்கெல் குழாய் வந்தது, அதன் வழியே காற்றை இழுத்து நீருக்கடியிலேயே டீசலை ஓட்டினார்கள் என்று படித்தேன். மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, டீசலே ஓடும் என்றால் நாள் முழுக்க அதிலேயே போயிருக்கலாமே, பேட்டரியை ஏன் கட்டி அழுதார்கள்? இரண்டு, அலை வந்து குழாயின் வாயை மூடினால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகாதா? எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டதாக எழுதுகிறார்களே, அது ஏன்? மூன்று, இவ்வளவு நல்ல சாதனம் என்றால் போரின் போக்கை ஏன் மாற்றவில்லை?

7சி வகை படகை வைத்து விளக்கினால் போதும்.

---

டீசல்மணி எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றது பாதி புரிந்துவிடும்.

குழாயின் தலையில் ஒரு மிதவை வால்வு இருக்கும். மாடித் தொட்டி நிறைந்ததும் தானாக மூடிக்கொள்கிறதே, அதே தத்துவம். முதலில் வந்தது பந்து மிதவை, பிறகு தலையைச் சுற்றி உட்காரும் வளைய மிதவை. அலை ஏறினால் மிதவை தூக்கும், வால்வு மூடும். தண்ணீர் உள்ளே வராது, ஓரத்தில் கசிவதும் மூடுவதற்குள் நுழைவதும் வடிகுழாய் வழியே பில்ஜுக்கு (படகின் அடியில் கழிவுநீர் தேங்கும் இடத்துக்கு) போய்விடும். ஆகவே தண்ணீர் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை காற்றில்தான். வால்வு மூடியது இன்ஜினுக்குத் தெரியாது, அது இழுத்துக்கொண்டே இருக்கும். வெளிக்காற்று நின்றதும் படகுக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7சி படகின் டீசல்களுக்குப் பெயரே 6வி 40/46. அதாவது ஆறு சிலிண்டர், விட்டம் 40 செ.மீ., ஸ்ட்ரோக் 46 செ.மீ. மொத்தக் கொள்ளளவு சுமார் 347 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்று. நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 52 கன மீட்டர்.

படகுக்குள் காற்று 300 கன மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 10 விநாடி வால்வு மூடியிருந்தால் கிட்டத்தட்ட 3 சதவீதம் காற்று போய்விடும். 250 மீட்டர் உயரத்துக்கு லிஃப்டில் ஏறியதற்குச் சமம். ஒரு நிமிடம் மூடியிருந்தால் சுமார் 1,400 மீட்டர் மலை. படகில் இரண்டாவது டீசலும் ஓடினால் இது இரட்டிப்பு வேகம்.

காது வலிப்பது அழுத்தம் இறங்கும்போதைவிட ஏறும்போதுதான் அதிகம். விமானம் மேலே போகையில் தாங்கிக்கொள்கிற காது, இறங்கும்போது அடைக்கிறதல்லவா? இங்கே அலை விலகி வால்வு திறந்த நொடியில் இழந்த அழுத்தம் முழுக்க ஒரே அடியாகத் திரும்பும். கொந்தளிப்பான கடலில் இது மணிக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூக்கைப் பிடித்து ஊதுவதும் எச்சில் விழுங்குவதும் தவிர வழியில்லை. ஜலதோஷம் பிடித்தவன் பாடு திண்டாட்டம்.

---

நீலத்திமிங்கிலம் எழுதியது:

டீசல்மணி உள்ளிழுக்கும் பக்கத்தைச் சொல்லிவிட்டார். ஆளைக் கொல்வது வெளியேறும் பக்கம்.

ஸ்னார்க்கெல் என்பது இரண்டு குழாய். காற்றுக் குழாயின் வாய் நீருக்கு மேலே. புகைக் குழாயின் வாய் அதைவிடத் தாழ்வாக, நீருக்குள்ளேயே. புகை தண்ணீரில் கரைந்து ஆறிப் போகட்டும், மேலே தெரியக்கூடாது என்பதற்காக. இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 0.1 பார் எதிர் அழுத்தத்தைத் தள்ளித்தான் புகை வெளியேற வேண்டும்.

படகு தன் ஆழத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் அமிழ்ந்தால் என்ன ஆகும்? காற்று வால்வு மூடும், உள்ளே அழுத்தம் இறங்கும். அதே நேரம் புகைக் குழாயின் வாய் இன்னும் ஆழத்துக்குப் போவதால் வெளியே எதிர் அழுத்தம் ஏறும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. வெளியே போக முடியாத புகை, மூட்டுகளிலும் இணைப்புகளிலும் கசிந்து அழுத்தம் குறைந்த இன்ஜின் அறைக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். கறுப்புப் புகையும் கண்ணெரிச்சலும் எச்சரிக்கும். மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி ஆள் சுருண்டு விழுந்த பிறகுதான் தெரியும்.

அதனால் தொடங்கும் வரிசையும் நிறுத்தும் வரிசையும் மந்திரம் மாதிரி. முதலில் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து ஹைட்ரோபோனில் (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவியில்) சுற்றிலும் கேட்பார்கள். பெரிஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு ஹைட்ராலிக் விசையில் மாஸ்ட்டை, அதாவது ஸ்னார்க்கெல் கம்பத்தை, தூக்குவார்கள். 7சி படகில் அது கோபுரத்துக்கு முன்னால் இடப்பக்க மேல்தளக் குழியில் படுத்திருக்கும், கதவுக்கு இருப்பது போன்ற கீலில் நிமிரும். ஒன்பதாம் வகையில் வலப்பக்கம். நிமிர்ந்ததும் கோபுரத்தோடு பிடிப்பில் பூட்டிக்கொள்ளும், காற்றுக் குழாய் அங்கே இணையும். குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் உள் வால்வைத் திறப்பார்கள்.

புகைக் குழாய் இப்போது தண்ணீரால் நிறைந்திருக்கிறது. புகை வால்வை முன்கூட்டியே திறந்தால் கடல் நேராக சிலிண்டருக்கு வரும். ஆகவே டீசலைக் கிளப்பி, குழாயில் வெளி நீரை மிஞ்சும் அழுத்தம் ஏறிய பிறகே திறப்பார்கள். அந்த அழுத்தமே தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

நிறுத்தும்போது தலைகீழ். டீசல் நிற்கும் கணத்தில் புகை வால்வு மூடியாக வேண்டும். தாமதித்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். தண்ணீரை அமுக்க முடியாது, அடுத்த முறை கிளப்பும்போது கனெக்டிங் ராட் வளையும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஆழத்தை மாறாமல் பிடிப்பது தலைமைப் பொறியாளரின் பொறுப்பு. கொஞ்சம் மேலே வந்தால் புகைக் குழாய் வெளியே தெரியும், கொஞ்சம் கீழே போனால் மூச்சு முட்டும். பின்னாலிருந்து அலை தள்ளும் கடலில் இது பெரிய வித்தை.

---

டீசல்மணி எழுதியது:

முதல் கேள்விக்கு வருகிறேன். பேட்டரியை ஒழிக்க வந்ததல்ல ஸ்னார்க்கெல், பேட்டரிக்குச் சோறு போட வந்தது.

7சி படகின் தண்டு அமைப்பு இப்படி: டீசல், கிளட்ச், மின்மோட்டார், இன்னொரு கிளட்ச், புரொபெல்லர். பின் கிளட்சை விடுவித்தால் டீசல் மின்மோட்டாரை மட்டும் சுற்றும், அது டைனமோவாகி பேட்டரியை ஏற்றும். மறு தண்டு படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கும். இரவில் சில மணி நேரம் இப்படி ஏற்றிவிட்டு, மீதி நேரமெல்லாம் பேட்டரியில் சத்தமில்லாமல் ஊர்வார்கள். லெட்-ஆசிட் பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் கக்கும், 4 சதவீதம் சேர்ந்தால் வெடிக்கும். டீசல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இந்த வாயுவும் அதோடு வெளியேறும் என்பது ஒரு சின்ன லாபம்.

நாள் முழுக்க டீசலில் போகாததற்குக் காரணம் காது. மனிதக் காதல்ல, ஹைட்ரோபோன். டீசல் ஓடும்போது அதில் வேறெதுவும் கேட்காது. எதிரிக் கப்பல் தலைக்கு மேல் வந்தாலும் தெரியாது. ஆகவே சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை டீசலை நிறுத்திக் கேட்க வேண்டும், மேலே சொன்ன வால்வு வரிசையோடு.

வேகமும் கிடையாது. 6 நாட்டுக்கு (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போனால் மாஸ்ட் அதிரும், பெரிஸ்கோப்பும் நடுங்கிப் பார்வை கலங்கும்.

---

நங்கூரம் எழுதியது:

அருமை, இருவருக்கும் நன்றி. ஒரு கிளைக் கேள்வி. மாஸ்ட்டை இன்னும் நீளமாக, தடிமனாகச் செய்திருந்தால் ஆழமாகவும் வேகமாகவும் போயிருக்கலாமே?

---

நீலத்திமிங்கிலம் எழுதியது:

தண்ணீரின் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6 நாட்டிலிருந்து 10 நாட்டுக்குப் போனால் சுமை 2.8 மடங்கு. நீளத்தை இரட்டிப்பாக்கினால் அடிக்கீலில் வளைவிசை நான்கு மடங்கு. தடிமன் கூட்டினால் இழுவையும் கூடும், ரேடாரில் படும் உருவமும் பெருக்கும். ஆழமாகப் போனால் புகைக் குழாயையும் எதிர் அழுத்தம் தாங்கும்படி வைக்க வேண்டும்.

எதிர் அழுத்தம் செய்த இன்னொரு குழப்படி: 1943-இல் வரைந்த 21-ஆம் வகை படகுக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) வைத்த 2,000 குதிரைத்திறன் டீசல் போட்டார்கள். ஸ்னார்க்கெலின் ஏறி இறங்கும் எதிர் அழுத்தத்தில் அது ஒத்துழைக்கவில்லை. சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு 1,200 குதிரைத்திறனோடு திருப்திப்பட்டார்கள். ஒரு நல்ல மாற்றம், அந்த வகையில் கீல் கிடையாது, பெரிஸ்கோப் போல நேராக மேலெழும் மாஸ்ட்.

மாஸ்ட் முறிவது வெறும் பேச்சல்ல. போருக்குப் பிறகு, 1951 ஏப்ரலில் பிரிட்டிஷ் ‘அஃப்ரே’ நீர்மூழ்கி 75 பேரோடு மூழ்கியது. கண்டுபிடித்தபோது அதன் ஸ்னார்க்கெல் மாஸ்ட் முறிந்து கிடந்தது. மிதவையையும் பின்னாளில் அமெரிக்கர்கள் விட்டுவிட்டார்கள். தலையில் மின்முனை வைத்து, தண்ணீர் பட்டதும் அழுத்தக் காற்றால் வால்வை மூடும் முறைக்குப் போனார்கள்.

---

வடகடல் எழுதியது:

மூன்றாவது கேள்வி யாரும் தொடாமல் கிடக்கிறது.

முதலில் ஒரு திருத்தம், யாரும் தவறாகச் சொல்லாவிட்டாலும் பலர் நினைப்பது: இது ஜெர்மன் கண்டுபிடிப்பல்ல. டச்சுக் கடற்படையின் யான் யாக்கோப் விக்கர்ஸ் வடிவமைத்தது. போருக்கு முன்பே ஓ-19, ஓ-20 படகுகளில் இருந்தது. 1940 மே மாதம் ஹாலந்து விழுந்தபோது ஓ-25, ஓ-26, ஓ-27 ஜெர்மானியர் கைக்கு வந்தன. குழாயைப் பார்த்தார்கள், தேவையில்லை என்று கழற்றிப் போட்டார்கள்! அப்போது இரவில் மேலே மிதந்தே வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கு வேண்டும் மூச்சுக்குழாய்? விமானங்களும் சென்டிமீட்டர் அலை ரேடாரும் கழுத்தைப் பிடித்த பிறகுதான், 1943-இல் ஜெர்மன் பொறியாளர் ஹெல்முட் வால்டர் அதை மீண்டும் எடுத்தார். அந்த ஆண்டு பால்டிக்கில் யு-57, யு-58 என்ற சிறு படகுகளில் சோதித்தார்கள். போர்க்களத்துக்குப் போன முதல் படகுகளில் ஒன்றான யு-264, 1944 பிப்ரவரி 19-இல் மூழ்கடிக்கப்பட்டது. ஆள் சேதமில்லை, எல்லோரையும் பிரிட்டிஷார் மீட்டார்கள்.

உயிர் காத்ததில் சந்தேகமில்லை. நார்மண்டி இறக்கத்தின்போது ஸ்னார்க்கெல் இல்லாத படகுகள் வானிலிருந்து அடி வாங்கின, இருந்தவை தாக்குப்பிடித்தன. ஆனால் பாருங்கள், 4 மணி நேரம் 5 நாட்டில் ஸ்னார்க்கெல், 20 மணி நேரம் 2 நாட்டில் பேட்டரி என்றால் நாளொன்றுக்கு 60 கடல் மைல். மேலே மிதந்து 10 நாட்டில் போனால் 240. நார்வேயிலிருந்து பிரிட்டிஷ் கரைக்குப் போய் வருவதிலேயே எரிபொருளும் வாரங்களும் தீர்ந்துவிடும், வேட்டைக்கு மிஞ்சுவது சொற்பம். பல படகுகள் சேர்ந்து தாக்கும் பழைய கூட்டு வேட்டையும் செத்தது. கான்வாயை (காவலோடு போகும் கப்பல் கூட்டத்தை) மேலே மிதந்து துரத்திப் பிடித்தால்தானே கூட்டு சேர முடியும்?

மறைவும் முழுமையானதல்ல. அமைதியான கடலில் ஸ்னார்க்கெல் தலையை ரேடார் பிடிக்கும், பகலில் அதன் நுரைத்தடத்தை விமானி கண்ணாலேயே பார்ப்பான். அதனால் தலைக்கு ரேடார் அலையை உறிஞ்சும் ரப்பர் உறை போர்த்தினார்கள், உச்சியில் எதிரி ரேடாரை உணரும் ‘பாலி’ ஆண்டெனா வைத்தார்கள். கடல் கொந்தளித்தால் ரேடாரில் அலைகளே நிறையத் தெரியும், படகு பிழைக்கும். ஆனால் அந்தக் கடலில்தான் வால்வு ஓயாமல் மூடும். எது வசதியோ அதுதான் ஆபத்து.

விதிவிலக்கு உண்டு. யு-482, 1944 ஆகஸ்ட் கடைசியில் அயர்லாந்துக்கு வடக்கே போய், ஸ்னார்க்கெலை நம்பி நீருக்குள்ளேயே இருந்து, நான்கு வணிகக் கப்பலையும் ஒரு கார்வெட்டையும் (சிறு காவல் போர்க்கப்பல்) மூழ்கடித்தது. கரையோர ஆழமற்ற நீரில் சோனாருக்குப் பழைய கப்பல் சிதைவும் படகும் ஒன்றுபோலவே எதிரொலிக்கும், அதுவும் உதவியது.

---

டீசல்மணி எழுதியது:

வடகடல் சொன்னதோடு ஒரு சேர்ப்பு. நீண்ட முழுகலுக்கு யு-977-இன் 66 நாளைத்தான் எல்லோரும் சொல்வார்கள், 1945-இல் அர்ஜென்டினாவுக்கு ஓடிப்போனதால் புகழ் பெற்றது. பெர்கனிலிருந்து புறப்பட்ட யு-978 அதற்கு முன்பே 68 நாள் இருந்துவிட்டது.

அத்தனை நாள் மூடிய படகில் குப்பையை என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேலே வந்து வீச முடியாது. டார்பிடோ குழாய் ஒன்றில் அடைத்து வைத்து, இடம் பார்த்து வெளியே தள்ளுவார்கள். அதுவரை அந்தக் குழாயில் டார்பிடோ கிடையாது.