மறுமொழி: 'பிளாக் டைம்' தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். விமானப் போக்குவரத்தில் புழங்கும் 'பிளாக் டைம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> பிளாக் என்றால் தொகுதி. 'தொகுதி நேரம்' என்றே வைத்துவிடலாமே?

சரிவராது ஐயா. இந்த பிளாக் அடுக்குமாடியும் இல்லை, வட்டாரமும் இல்லை. நிற்கும் விமானத்தின் சக்கரத்தில் முன்னும் பின்னும் கொடுக்கிற கட்டை. அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியது முதல், போன இடத்தில் நின்று மறுபடி கட்டை போடும் வரைக்குமான நேரம்தான் பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் வாயில் தேடி வருவது எல்லாம் இதில் அடக்கம். பயணச்சீட்டில் அச்சாகும் நேரமும் இந்தக் கணக்குதான்.

தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை, அதே பொருள். ஆனால் 'முட்டுக்கட்டை' என்றால் இன்று தடங்கல் என்றே காதில் விழும். 'முட்டுக்கட்டை நேரம்' என்று எழுதினால் விமானம் தாமதம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே 'கட்டை நேரம்' போதும்.

> 'பறப்பு நேரம்' இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

சிக்கலே அங்கேதான். பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் வரையறையில் 'ஃபிளைட் டைம்' என்பதும் முதல் நகர்விலிருந்து கடைசி நிறுத்தம் வரைதான். தரையை விட்டு மறுபடி தரையைத் தொடும் வரை உள்ளது வேறு. தமிழில் 'பறப்பு' என்று சொன்னால் யாரும் இரண்டாவதைத்தான் நினைப்பார்கள். அதற்கே அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்துவிடலாம்.

லண்டன் ஹீத்ரோவையும் நியூயார்க் கென்னடி நிலையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடைத்தொலைவு ஏறக்குறைய 5,550 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்துத் தொலைவை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டும் இணையக் கணிப்பான்கள், போனாலும் வந்தாலும் ஏழரை மணிக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். கால அட்டவணையிலோ மேற்கே போக எட்டு மணி நேரத்தை ஒட்டி வரும், கிழக்கே திரும்ப ஏழை ஒட்டி. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் மேல்வளிமண்டலக் காற்று செய்கிற வேலை இது. 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து அது தள்ளியதில், ஒரு போயிங் 747 நியூயார்க்கில் எழும்பி 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. இது பறப்பு நேரம். கட்டை நேரம் இதைவிட அதிகம். செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்புவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

அப்புறம் தொலைவு. 'நேர்கோட்டுத் தொலைவு' வேண்டாம். உருண்டையின் மேல் நேர்கோடு ஏது? உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் மேல் வரையும் வட்டத்துக்குக் கணிதத்தில் 'பெருவட்டம்' என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது; இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி அதன் மேல்தான். ஆகவே 'பெருவட்டத் தொலைவு' இயல்பாக அமையும். தட்டை வரைபடத்தில் அது வடக்கே வளைந்து தெரிவதற்கும் அந்தப் பெயரே விளக்கம் சொல்லிவிடும். விமானம் உண்மையில் கடப்பது அதைவிட நீளம். அட்லாண்டிக் தடங்களைக் காற்றைப் பார்த்து நாள்தோறும் மாற்றி வகுக்கிறார்கள். அதைத் 'தடத் தொலைவு' எனலாம்.

'கட்டை' என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும், குள்ளம் என்றோ சுடுகாடு என்றோ. வரட்டும். கட்டைவிரலை யாரும் அதற்காக மாற்றவில்லையே. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள். 'தொகுதி' மட்டும் வேண்டாம்.