கடல் மீன் கறி ஏன் கரிக்கல?

தொண்டிப்பொண்ணு:
நேத்து வீட்ல நகரை கொழம்பு, அம்மா உப்பு போட மறந்துட்டாங்க, சப்புன்னு இருந்துச்சு, அப்பதான் யோசிச்சேன், பொறந்ததுலருந்து உப்புத்தண்ணிலயே கெடந்த மீன், சதையில கரிப்பே இல்லையே. கருவாட்டுக்கு உப்பு போட்டா மட்டும் உள்ள வரைக்கும் எறங்குது. உசுரோட இருக்கைல ஏன் எறங்கல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்டபத்துக்காரன்:
நல்ல கேள்வி தங்கச்சி. உப்புக்கல்லுல சோடியம் ப்ளஸ், குளோரைடு மைனஸ், ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி மூலக்கூறுல ஆக்சிஜன் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா ப்ளஸ், அதனால ஒரு பக்கம் சோடியத்தையும் இன்னொரு பக்கம் குளோரைடையும் சுத்தி வளைச்சு பிரிச்சு எடுத்துரும், அதத்தான் கரையுதுன்னு சொல்றோம். கடல்ல லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இப்படி கரைஞ்சு கெடக்கு. மீன் ரத்தமும் உப்புத்தண்ணிதான், ஆனா கடல்ல இருக்குறதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். அது கடல்தண்ணிய குடிக்கும், தண்ணிய வச்சுக்கிட்டு உப்ப செவுள் வழியா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல்னு இல்ல, இதுக்கே தெம்பு செலவாகுது. செத்துட்டா தள்ள ஆளில்ல, அப்ப நாம போடுற உப்பு உள்ள போயி தண்ணி வெளிய வந்துருது. அதான் கருவாடு.

பாம்பன் அக்கா:
சுறா வேற மாதிரிம்மா. அது ரத்தத்துலயும் சதையிலயும் யூரியாவ கரைச்சு வச்சுக்கிட்டு கடலுக்கு ஈடு கட்டிரும். செத்தப்புறம் அந்த யூரியா ஒடைஞ்சு அம்மோனியா ஆகுறதாலதான் மூக்க பொத்துற வாடை. எங்க அப்பா போட்டுலயே அறுத்து ரத்தத்த வடிய விட்டுருவாரு, அப்படி வந்த சுறாவுல புட்டு செஞ்சா வாடையே இருக்காது.

காரங்காட்டான்:
மரமும் இதே வேலையத்தான் செய்யுது. எங்க ஊரு அலையாத்தி எலைய வெயில் நேரத்துல நக்கிப் பாருங்க, கரிக்கும். வேர் வழியா தப்பி வந்த உப்ப எலை மேல தள்ளிவிடுது, சில நேரம் பொடி மாதிரி கண்ணுக்கே தெரியும். எனக்கு இத பாக்க இன்னிக்கும் ஆச்சரியந்தான்.

தொண்டிப்பொண்ணு:
ரொம்ப நன்றி. அப்ப நாம கடல்தண்ணி குடிச்சா நம்ம உடம்பும் தள்ளிறாதா?

மண்டபத்துக்காரன்:
தள்ளும், ஆனா நம்ம கிட்னியால கடல் அளவுக்கு உப்பான மூத்திரம் பண்ண முடியாது. குடிச்சது ஒரு லிட்டர்னா அந்த உப்ப கரைச்சு வெளியேத்த அதவிட அதிகமா தண்ணி வேணும், அது நம்ம ரத்தத்துலருந்தும் சதையிலருந்தும்தான் போகும். தாகம் இன்னும் ஏறும்.

தொண்டிப்பொண்ணு:
இப்பதான் புரியுது அண்ணே. எங்க சித்தப்பா எஞ்சின் நின்னு போயி ரெண்டு நாள் கடல்ல கெடந்தப்ப கேன் தண்ணிய மூடில ஊத்தி ஊத்தி குடிச்சாங்களாம், சுத்தி அவ்ளோ தண்ணி இருந்தும் ஒரு கை அள்ளலையாம்.