கத்தி உறை செய்பவர்களே, உங்கள் கையில் வந்து சேர்ந்த உறைகளைப் பற்றிச் சொல்லுங்கள்

நான் ஆரம்பிக்கிறேன். ஒருவர் தன் அப்பாவின் கத்தியைக் கொண்டுவந்து, "புது உறை வேணும், பழசு கத்தியையே தின்னுடுச்சு" என்றார். வெளியே பார்த்தால் தோல் நன்றாகத்தான் இருந்தது. தையலைப் பிரித்ததும் விஷயம் தெரிந்தது. பித்தளை ரிவெட்டைச் (தோலை இறுக்கிப் பிடிக்க அடிக்கும் ஆணி) சுற்றி மெழுகு மாதிரி பச்சைக் களிம்பு திரண்டிருந்தது, அலகில் அதே உயரத்தில் கறையும் பொடிப்பொடியாகக் குழிகளும். தோலை ஓரத்தில் சீவிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறம், அதாவது குரோமில் பதனிட்ட தோல். அதில் தங்கும் உப்புகள் ஈரம் பட்டால் இரும்பை விடாது, அதனால்தான் கத்தி உறைக்குப் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

களிம்பு வேறு கதை. செம்பு கலந்த எந்த உலோகமும் தோலில் இருக்கும் எண்ணெயோடும் கொழுப்போடும் சேர்ந்தால் பச்சையாகக் கக்கும், தோலுக்கு எண்ணெய் அதிகம் ஊட்ட ஊட்ட இதுவும் அதிகம். புது உறைக்கு 3.5 மி.மீ. தோல், வெட்டும் விளிம்பு தையலை அறுக்காதபடி நடுவில் ஒரு தோல் பட்டை, ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து இருபுறமும் மாற்றி மாற்றிப் போடும் தையல் (ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்). ரிவெட்டைத் தோலில் அடிப்பதற்கு முன்பே 400, 800, 1500 என்று உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மெழுகு ஏற்றிவிட்டேன். அடித்த பிறகு தேய்த்தால் கரிய தூள் தோலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் அது போகவே போகாது. உள்பக்கத் தலை கத்தியில் படாமல் இருக்க, அதன் மேல் மெல்லிய தோல் ஒன்றை ஒட்டி மூடினேன். கத்தியை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது என்று அவரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

—

நல்ல பதிவு. என்னிடம் வந்தது உடைந்த வளையம். இடுப்பு வாரில் தொங்கவிடும் பித்தளை வளையம், தேய்மானமே இல்லை, வளைவில் மட்டும் மயிரிழை மாதிரி விரிசல் ஓடி, கையால் இழுத்ததும் இரண்டாகிவிட்டது. பழசு போலத் தெரிய வேண்டும் என்று அதை மூடிய ஜாடியில் அம்மோனியா ஆவியில் நாள்கணக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நிறம் அருமையாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அடித்து வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா அங்கேதான் புகுந்து பிளக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டுப்போனதும் இதே காரணத்தால்தான், 1921இல் அதை ஆராய்ந்து விளக்கினார்கள். சுமை தாங்கும் வளையத்துக்கு நான் அம்மோனியா பக்கமே போவதில்லை, எஃகு வளையம்தான். கருமை கேட்டால் அலங்காரக் குமிழுக்கு மட்டும், அதுவும் வளைத்தபின் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு.

—

முலாம் பூசிய ஸ்னாப் பட்டனையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் முலாம் உரிந்து உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்து, வாரில் காபி நிறத்தில் வட்டம் விழுந்த உறைகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. பட்டன் வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. சரி, ஒரு கேள்வி: ஈரத் தோலைக் கத்தியின் மேல் அழுத்தி வடிவம் பிடிக்கும்போது கத்தியை எதில் சுற்றுகிறீர்கள்? நான் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன், ஆனால் கைப்பிடி முடியும் இடத்தில் மடிப்பு விழுந்து தோலில் அச்சாகப் பதிந்துவிடுகிறது.