தனி உமிழ்வுக் காரணியில் உயிர்மக் கார்பனைப் பிரிக்க இயலவில்லை

வணக்கம். கொதிகலனில் எரிக்கும் மரக்கழிவுக்காக, கார்பன் கணக்கீட்டு மென்பொருளில் இந்த அறிக்கையாண்டின் தொடக்கத்தில் தனி உமிழ்வுக் காரணி (ஓர் அலகு எரிபொருளுக்கு வெளியாகும் வாயுக்களின் அளவு) ஒன்றை உருவாக்கினேன். மரம் எரிந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை (உயிர்மக் கார்பன்), பசுங்குடில் வாயு நெறிமுறையின்படி ஸ்கோப்புகள் எனப்படும் உமிழ்வு வகைகளுக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும். மென்பொருளோ அதையும் நேரடி உமிழ்வுகளுக்கான ஸ்கோப் 1 மொத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

நான் உள்ளிட்ட மதிப்புகள், ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் உள்ளவை: ஒரு டெராஜூலுக்குக் கார்பன் டை ஆக்சைடு 1,12,000 கிலோ, மீத்தேன் 30 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 4 கிலோ. மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் அக்குழுவின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள 28, 265 ஆகிய புவி வெப்பமாதல் திறன்களால் (கார்பன் டை ஆக்சைடுடன் ஒப்பிட்ட வெப்பமாக்கும் மடங்கு) முறையே பெருக்கிக் கூட்டினால், ஸ்கோப் 1-இல் ஒரு டெராஜூலுக்கு 1,900 கிலோ வர வேண்டும். திரையில் நிற்பதோ 1,13,900.

மென்பொருளுடன் வரும் மரக் காரணி சரியாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் எங்கள் எரிபொருளுக்கு ஆய்வகத்தில் அளந்த கலோரி மதிப்பைப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் அதை அப்படியே எடுக்க இயலாது. நகலெடுத்துத் திருத்தினால், சேமித்தவுடன் உயிர்மக் கார்பன் புலம் மறைந்துவிடுகிறது. சிஎஸ்வி கோப்பாக ஏற்றியபோது பிழைச்செய்தி ஏதுமில்லை, ஆனால் அந்த நெடுவரிசை மட்டும் வெற்றாகவே வந்தது. கார்பன் டை ஆக்சைடைச் சுழியமாக்கினால் ஸ்கோப் 1 சரியாகிறது, தனியாகக் காட்ட வேண்டிய எண் காணாமல் போகிறது. சரிபார்ப்பாளர் இதை ஏற்கமாட்டார்.

ஒரே செயல்பாட்டுத் தரவுக்கு இரண்டு காரணிகளை இணைத்து, ஒன்றை மட்டும் ஸ்கோப்புகளுக்கு வெளியே வகைப்படுத்தும் முறையை யாரேனும் இரட்டைக் கணக்கு நேராமல் செயல்படுத்தியிருக்கிறீர்களா?