தண்டர்பேர்டில் மூன்று மெயில் கணக்கு: எதிலிருந்து அனுப்பினாலும் ஜிமெயில் முகவரியே போகிறது

கேள்வி:
அண்ணனின் அச்சகத்துக்கு வரும் மெயில்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் என் சொந்த ஜிமெயில், அச்சகத்தின் டொமைனில் (அச்சகத்துக்கென்று வாங்கிய இணையப் பெயரில்) ஒரு முகவரி, பில்லுக்கென்று அதே டொமைனில் இன்னொன்று என மூன்றையும் சேர்த்திருக்கிறேன். மூன்றுமே ஐமேப். மெயில் வருவதில் ஒரு குறையும் இல்லை, அனுப்புவதில்தான் சிக்கல். நேற்று ஒரு பள்ளிக்கு டைரி அச்சடிக்கக் கொட்டேஷன் அனுப்பினேன். எழுதும்போது 'ஃப்ரம்' கட்டத்தில் அச்சக முகவரி இருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவர்களுக்கு என் ஜிமெயிலிலிருந்து போயிருக்கிறது, யாரோ என்று நினைத்துத் திறக்கவே இல்லையாம். கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
முதலில் ஜிமெயிலை பிரவுசரில் திறந்து 'சென்ட்' பகுதியைப் பாருங்கள். அந்தக் கொட்டேஷன் அங்கே கிடந்தால் காரணம் உறுதி. ஐமேப் என்பது மெயிலை வாங்க மட்டும்தான், அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறு சர்வர். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போய் இடது பக்கம் அச்சகக் கணக்கின் பெயரை அழுத்தினால், வலது பக்கம் கீழே 'அவுட்கோயிங் சர்வர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஜிமெயில் சர்வர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஃப்ரம் கட்டத்தில் எதைப் போட்டாலும், எந்தக் கணக்கில் நுழைந்து அனுப்புகிறீர்களோ அந்த முகவரியைத்தான் ஜிமெயில் வைக்கும்.

பதில் 2:
அவர் சொல்வதுதான் சரி. ஜிமெயில் செட்டிங்ஸில் அச்சக முகவரியை 'செண்ட் மெயில் அஸ்' என்று சேர்த்தாலும் முகவரி சரியாகப் போகும், ஆனால் கடை மெயிலை உங்கள் சொந்தக் கணக்கோடு கலக்க வேண்டாம் என்பேன், நாளைக்கு வேறொருவர் பொறுப்பெடுத்தால் எல்லாம் உங்களிடமே மாட்டிக்கொள்ளும். இடது பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று தனியாக இருக்கும், அங்கே உங்கள் டொமைனின் சர்வரைச் சேர்த்துவிட்டு, அவர் சொன்ன கட்டத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பைப் பாதுகாக்கும் முறை எஸ்எஸ்எல் என்றால் போர்ட் எண் 465, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றால் 587. யூசர்நேம் பெரும்பாலும் முழு முகவரிதான். அப்புறம் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியையும் பாருங்கள், அனுப்பியதன் நகல் அந்தந்தக் கணக்கின் சென்ட் ஃபோல்டருக்குப் போக வேண்டும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, இருவருக்கும் ரொம்ப நன்றி! ஜிமெயில் சென்ட்டில் இரண்டு மாதக் கொட்டேஷனும் வரிசையாகக் கிடக்கிறது, பார்த்ததும் மனசே கலங்கிவிட்டது. டொமைன் சர்வரைச் சேர்த்தபோது யூசர்நேமில் அட் குறிக்கு முந்தைய பகுதியை மட்டும் போட்டதால் பாஸ்வேர்ட் தவறு என்றே வந்தது, முழு முகவரியைப் போட்டதும் அந்தப் பிழை போய்விட்டது. அண்ணனுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன், அச்சக முகவரியிலிருந்தே வந்திருக்கிறது. பள்ளிக்கும் மறுபடி அனுப்பிவிட்டேன்.

பதில் 1:
நல்லது. இன்னொன்று, அந்த இரண்டு மாதத்தில் மெயில் வாங்கியவர்கள் உங்கள் ஜிமெயிலுக்குத்தான் பதில் போடுவார்கள். அதற்கு நீங்கள் 'ரிப்ளை' அழுத்தினால் தண்டர்பேர்டு ஜிமெயிலையே ஃப்ரம்மில் எடுக்கும். அனுப்பும் முன் அந்தக் கட்டத்தை அழுத்தி அச்சக முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.